ஒரு காதல் பாட்டின் வரவு செலவு

வியாபாரிகள் பத்திரிகையில் காதல் பாட்டுக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். கடையைத் திறந்தால் கொள்முதல், பாக்கி வசூல், வரிக் கணக்கு என்று நமக்குத் தலைக்கு மேல் வேலை. பாட்டையெல்லாம் வீட்டுப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் தோன்றும். ஆனால் பாட்டும் ஒரு சரக்குதான். அதைச் செய்தவர், வாங்கி வெளியிடும் மொத்த வியாபாரி, சில்லறையில் விற்கும் கடைக்காரர் எல்லாரும் அதற்கும் உண்டு. நம் சரக்குக்கு இல்லாத ஒரு விசேஷமும் உண்டு. ஒரு மூட்டை துவரம்பருப்பை ஒருமுறைதான் விற்க முடியும். விற்ற பிறகு மூட்டை நம்முடையது அல்ல. பாட்டை எத்தனை லட்சம் பேர் வாங்கிப் போனாலும் அது உடையவரிடமே இருக்கும். ஆகவேதான் அந்தத் தொழிலில் ‘உடையவர் யார்’ என்ற கேள்வியைச் சுற்றியே எல்லா வழக்கும் நடக்கிறது.

‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ என்ற ஆங்கிலப் பாட்டைக் கேட்காதவர்கள்கூட அதைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1992-இல் விட்னி ஹூஸ்டன் என்ற அமெரிக்கப் பாடகி ‘தி பாடிகார்ட்’ படத்துக்காகப் பாடியது. பாடியவர் பெயரை உலகமே அறியும். அதை எழுதி இசையமைத்தவர் வேறொரு பெண்மணி, டாலி பார்ட்டன். அவர் அந்தப் பாட்டை எழுதியது அதற்குப் பத்தொன்பது வருஷம் முன்பு. நடுவில் ஒரு நாள், அமெரிக்காவின் மிகப் பெரிய பாடகர் தரப்பிலிருந்து ஓர் ஆள் வந்து பங்கு கேட்டார். அந்த ஒரு பேச்சு வார்த்தைக்காகத்தான் இந்தக் கட்டுரை.

சோளமாவு மூட்டை

டாலி பார்ட்டன் 1946 ஜனவரி 19-ஆம் தேதி டென்னசி மாநிலத்தின் மலைப் பக்கத்தில் பிறந்தார். பன்னிரண்டு பிள்ளைகளில் நான்காவது. தகப்பனார் புகையிலை பயிரிட்டவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். பிரசவம் பார்த்த டாக்டருக்குக் கொடுக்கக் கையில் காசு இல்லாமல் ஒரு மூட்டை சோளமாவைக் கூலியாகக் கொடுத்தார்கள் என்பதை டாலியே பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். மாவு மூட்டையின் மதிப்பு தெரிந்த நம்மவர்களுக்கு அந்த வீட்டின் நிலைமையை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

1964-இல் பள்ளிப் படிப்பு முடிந்த மறுநாளே நாஷ்வில் நகரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். அது அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டுத் தொழிலின் மொத்த மார்க்கெட். அங்கே போய் அவர் செய்த ஒரு காரியத்தைக் கவனிக்க வேண்டும். 1966-இல், இன்னும் பெயர் சொல்லும்படி எதுவும் ஆகாத நிலையில், தாய்மாமன் பில் ஓவன்ஸுடன் சேர்ந்து சொந்தமாக ஒரு பாட்டுப் பதிப்பு நிறுவனம் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபது.

பதிப்பு நிறுவனம் என்றால் புத்தகம் அச்சிடுவது அல்ல. ஒரு பாட்டை யார் ரெக்கார்டாகப் போட்டாலும், எந்த ரேடியோ ஒலிபரப்பினாலும், எந்தப் படத்தில் வைத்தாலும் அதற்குரிய ராயல்டியை வசூல் செய்யும் அலுவலகம். அமெரிக்க வழக்கப்படி பாட்டின் வருமானம் இரண்டு பாகம். பாதி எழுதியவருக்கு, பாதி பதிப்பு நிறுவனத்துக்கு. பெரும்பாலான எழுத்தாளர்கள் தங்கள் பாதியோடு சரி. மற்றப் பாதி ஏதோ ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விடும். டாலி அந்தப் பாதியையும் தன் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள வழி செய்துகொண்டார். சரக்கும் சொந்தம், கிட்டங்கியும் சொந்தம் என்பதுபோல.

கூட்டு பிரிந்தபோது பிறந்த பாட்டு

1967-இல் போர்ட்டர் வேகனர் என்ற பிரபல பாடகரின் டெலிவிஷன் நிகழ்ச்சியில் டாலி சேர்ந்தார். சம்பளம் ஆண்டுக்கு 60,000 டாலர் என்று சொல்லப்படுகிறது. அந்தக் காலத்துக்குக் கொழுத்த தொகைதான். இருவரும் சேர்ந்து சலவைத் தூள் விளம்பரம்கூடச் செய்தார்கள். பெட்டிக்குள் ஒரு துண்டு இலவசம் என்ற விளம்பரம். இலவசப் பொருளை உள்ளே வைத்துச் சோப்புத் தூள் விற்கும் வித்தை நமக்குப் புதிது அல்ல, அவர்களுக்கும் புதிது அல்ல.

ஐந்து வருஷம் இருப்பதாகப் பேச்சு. ஏழு வருஷம் ஆகிவிட்டது. டாலிக்குத் தனியாகப் போக ஆசை. வேகனருக்கு விட மனமில்லை. நான்தானே உன்னைக் கொண்டுவந்தேன் என்ற நியாயம் அவருக்கு. நானும்தானே உழைத்தேன் என்ற நியாயம் இவருக்கு. கூட்டு வியாபாரத்தில் இருந்து பிரிந்தவர்களுக்கு இந்தப் பேச்சு காதில் கேட்டதுபோல் இருக்கும். வாய் வார்த்தையில் தீராமல் போகவே, 1973-இல் ஒரு நாள் வீட்டுக்குப் போய் இந்தப் பாட்டை எழுதி, மறுநாள் வேகனரின் அறையிலேயே பாடிக் காட்டினாராம். அவர் கண் கலங்கி, போய் வா, ஆனால் இந்தப் பாட்டின் ரெக்கார்டை மட்டும் நான் தயாரிக்க வேண்டும் என்றாராம். ஆக, காதல் பாட்டு என்று கல்யாண வீடுகளில்கூடப் பாடப்படுகிற இது, உண்மையில் ஒரு தொழில் கூட்டு பிரிந்தபோது எழுதிய விடைபெறும் பாட்டு.

அதே 1973 ஜூனில் பதிவாகி, 1974-இல் வெளிவந்து, அந்த ஜூனில் நாட்டுப்புறப் பாட்டு வரிசையில் முதல் இடம் பிடித்தது. பாடியது டாலியே. நிதானமாக, அலட்டல் இல்லாமல், எதிரில் இருப்பவரிடம் பேசுவதுபோல் பாடியிருக்கிறார். என் காதுக்கு அதுதான் இனிக்கிறது. ஆனால் ரசனை வேறு, விற்பனை வேறு.

பாட்டு பாடிப் பிரிந்தாலும் கணக்கு முடித்துப் பிரியவில்லை போலிருக்கிறது. 1979-இல் வேகனர் 30 லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கோர்ட்டுக்கு வெளியே சமாதானம் பேசி முடித்தார்கள். பின்னாளில் இருவரும் பழையபடி பேசிக்கொண்டார்கள். 2007-இல் அவர் சாகக் கிடந்தபோது டாலி போய்ப் பார்த்தார். அது நல்ல மனசு. ஆனால் பிரியும் அன்றைக்கே பேரேட்டை மூடியிருந்தால் நடுவில் வக்கீல் செலவு மிச்சமாகியிருக்கும்.

பெரிய இடத்தில் இருந்து வந்த ஆள்

இனி நாம் வந்த விஷயம். பாட்டு முதல் இடம் பிடித்த பிறகு, எல்விஸ் பிரெஸ்லிக்கு அது பிடித்துப்போய், தான் பாடப் போவதாகச் செய்தி வந்தது. எல்விஸ் என்றால் அந்த நாளில் அதற்கு மேல் ஆள் கிடையாது. தான் எழுதிய பாட்டை எல்விஸ் பாடுகிறார் என்றால் எந்த எழுத்தாளருக்கும் ஜன்ம சாபல்யம். டாலியும் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். பதிவு நடக்க இருந்த சமயத்தில் எல்விஸின் மேனேஜர் கர்னல் டாம் பார்க்கர் போன் செய்தார். எல்விஸ் ஒரு பாட்டைப் பாடுவதென்றால் அதன் பதிப்பு உரிமையில் பாதியை எங்களுக்கு எழுதித் தர வேண்டும். இது எங்கள் வழக்கம் என்றார்.

வழக்கம் என்று அவர் சொன்னது பொய் அல்ல. எல்விஸ் தரப்பில் 1950-களிலிருந்தே இதற்கென்று பதிப்பு நிறுவனங்கள் இருந்தன. அதில் ஒன்றுக்கு எல்விஸின் தாயார் கிளாடிஸின் பெயர். எத்தனையோ பேர் பங்கை எழுதிக் கொடுத்து, அதனாலேயே நன்றாகவும் வாழ்ந்தார்கள். முழுசாக வைத்திருந்த பூஜ்யத்தைவிட, பங்கு போன ஒரு லட்சம் மேல் அல்லவா?

கணக்கைப் பார்ப்போம். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, ஒரு ரெக்கார்டு விற்றால் பாட்டுக்குச் சேர வேண்டியது 2 சென்ட். (நிலம் அளக்கும் சென்ட் அல்ல; நூறு சென்ட் சேர்ந்தால் ஒரு டாலர்.) இந்த 2 சென்ட் 1909-ஆம் வருஷச் சட்டம் வைத்த விகிதம், 1977 வரை அசையவே இல்லை. எல்விஸ் பாடி 10 லட்சம் ரெக்கார்டு விற்றது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 20,000 டாலர். பதிப்பு உரிமையில் பாதி என்றால், எழுதியவர் பாகத்தைத் தொடாமல், மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு. அதாவது 5,000 டாலர் அவர்களுக்கு, 15,000 டாலர் டாலியின் பக்கம். மறுத்தால் என்ன கிடைக்கும்? ஒன்றும் கிடைக்காது. இந்த நிலுவையில் எந்தக் கணக்குப்பிள்ளையைக் கேட்டாலும், யோசிக்காமல் கையெழுத்துப் போடுங்கள் என்றுதான் சொல்வார். நானும் அப்படித்தான் சொல்லியிருப்பேன்.

டாலி மறுத்தார். இது என் கம்பெனியின் முக்கியமான பாட்டு, என் குடும்பத்துக்கு நான் விட்டுப் போகிற சொத்து, இதில் பாதி தர முடியாது என்பது அவர் சொன்ன காரணம். எல்விஸ் தரப்பு பாட்டையே கைவிட்டது. அன்று இரவு முழுக்க அழுததாக அவரே சொல்லியிருக்கிறார். சுற்றியிருந்தவர்கள், பைத்தியமா உனக்கு என்று கேட்டிருக்கிறார்கள்.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. பொதுவாகக் கதை சொல்பவர்கள் இவற்றைச் சொல்வதில்லை.

ஒன்று, அமெரிக்கச் சட்டப்படி ஒருமுறை ரெக்கார்டாக வெளிவந்துவிட்ட பாட்டை யார் வேண்டுமானாலும் மறுபடி பாடி ரெக்கார்டு போடலாம். உடையவரின் அனுமதிகூட வேண்டாம். சட்டம் சொல்லும் ராயல்டியைக் கட்டினால் போதும். ஆகவே எல்விஸ் 2 சென்ட் கட்டிப் பாடியிருந்தால் டாலி தடுத்திருக்க முடியாது, தடுத்திருக்கவும் மாட்டார். பார்க்கர் கேட்டது சட்டம் கேட்டது அல்ல. பெரிய ஆள் என்ற பலத்தில் கேட்டது. நம்மிடம் ‘இதுதான் கம்பெனி ரூல்’ என்று சொல்லப்படுவதில் எது சட்டம், எது வெறும் பலம் என்று பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டு, டாலி மறுத்தபோது பட்டினி கிடக்கும் நிலையில் இல்லை. பாட்டு ஏற்கனவே ஓடி முடித்த பாட்டு. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. புதிதாக வந்த ஓர் எழுத்தாளன், வாடகை கொடுக்க வழியில்லாதவன், அதே இடத்தில் பங்கை எழுதிக் கொடுத்திருந்தால் அவனை யாரும் குறை சொல்லக் கூடாது. ‘முடியாது’ என்று சொல்வதற்கும் கொஞ்சம் முதல் வேண்டியிருக்கிறது.

அதே 1973-இல் எதிர்த்தரப்பில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த மார்ச் மாதம் எல்விஸும் பார்க்கரும், அதுவரை எல்விஸ் பாடியிருந்த பாட்டுகளின் வருங்கால ராயல்டி முழுவதையும் ஆர்.சி.ஏ. ரெக்கார்டு கம்பெனிக்கு 54 லட்சம் டாலருக்கு மொத்தமாக விற்றார்கள். அதில் பாதி மேனேஜருக்கு. மீதியிலும் வரி போனது. நான்கே வருஷத்தில், 1977 ஆகஸ்டில், எல்விஸ் 42 வயதில் இறந்துபோனார். அவர் இறந்த பின் பழைய ரெக்கார்டுகள் விற்ற விற்பனை கொஞ்சமல்ல. ஆனால் அந்தப் பதிவுகளின் ராயல்டி அதற்குள் கை மாறியிருந்தது. பாதிப் பங்கு கேட்டு வந்த வீட்டிலேயே முழுப் பங்கும் போயிருந்தது.

பத்தொன்பது வருஷம் கழித்து

மறுத்த கையோடு அதிர்ஷ்டம் கதவைத் தட்டவில்லை. 1975-இல் லிண்டா ரான்ஸ்டாட் என்ற பாடகி தன் ஆல்பத்தில் பாடினார். 1982-இல் ஒரு படத்துக்காக டாலியே மறுபடி பாட, அதுவும் நாட்டுப்புற வரிசையில் முதல் இடம் வந்தது. ஒரே சரக்கு ஒரே கடையில் எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு முறை முதல் விற்பனை. அதன் பிறகு பத்து வருஷம் அமைதி. 1991 வரை கணக்கை மூடிப் பார்த்திருந்தால், எல்விஸை மறுத்தது நஷ்டம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

‘தி பாடிகார்ட்’ படத்துக்கு முதலில் எடுத்து வைத்திருந்தது வேறு ஒரு பழைய பாட்டு. அதை 1991-இல் வெளிவந்த இன்னொரு படத்தில் பயன்படுத்திவிட்டார்கள் என்று தெரியவந்தது. மாற்றுப் பாட்டு தேடியபோது, கதாநாயகன் கெவின் காஸ்ட்னர் இந்தப் பாட்டைக் கொண்டுவந்தார். கையில் இருந்த மாதிரி ரான்ஸ்டாட்டின் ரெக்கார்டு. தயாரிப்பாளர் டேவிட் ஃபாஸ்டர் விவரம் பேச டாலிக்குப் போன் செய்தபோதுதான், மாதிரியில் கடைசிச் சரணமே இல்லை என்பது தெரிந்தது. அந்தச் சரணம் இல்லாவிட்டால் பாட்டுக்கு உயிரே இல்லை என்று டாலி சொல்ல, சேர்த்துக்கொண்டார்கள். மாதிரியை மட்டும் நம்பி ஆர்டர் போட்டிருந்தால் பாட்டு மொட்டையாகப் போயிருக்கும்.

பாட்டின் தொடக்கத்தில் வாத்தியமே இல்லாமல் விட்னியின் குரல் மட்டும் ஒலிக்க வேண்டும் என்பது காஸ்ட்னரின் பிடிவாதம். இசையில்லாமல் தொடங்கினால் ரேடியோக்காரர்கள் போடமாட்டார்கள் என்று ரெக்கார்டு கம்பெனித் தரப்பில் தயக்கம் இருந்ததாகச் சொல்கிறார்கள். கடைசியில் அந்தத் தொடக்கம்தான் ஜனங்களை நிறுத்திக் கேட்க வைத்தது. எதை வாடிக்கையாளர் வாங்கமாட்டார் என்று நாம் அலமாரிக்கு அடியில் வைக்கிறோமோ, அதைத்தான் சில சமயம் தேடி வந்து கேட்கிறார்.

ரெக்கார்டை 1992 நவம்பர் தொடக்கத்திலும், படத்தை அந்த மாதக் கடைசியிலும் விட்டார்கள். படத்துக்குப் பாட்டு விளம்பரம், பாட்டுக்குப் படம் விளம்பரம், இரண்டுக்கும் பின்னால் கிறிஸ்துமஸ் வியாபாரம். நம் தீபாவளிக்கு முன் இரண்டு வாரம் ஜவுளிக் கடைகள் கணக்குப் போடுவதுபோல் போட்ட கணக்கு. அமெரிக்கப் பாட்டு வரிசையில் 14 வாரம் தொடர்ந்து முதல் இடம். அதுவரை இருந்த உச்சம் அதே வருஷத்தில் வேறொரு பாட்டு வைத்த 13 வாரம். இங்கிலாந்தில் 10 வாரம். ஒற்றைப் பாட்டு ரெக்கார்டு 1993 ஜனவரிக்குள் அமெரிக்காவில் மட்டும் 40 லட்சத்துக்குச் சான்று பெற்றது. கிறிஸ்துமஸ் வாரத்தில் படத்தின் ஆல்பம் ஒரே வாரத்தில் 10 லட்சத்துக்கு மேல் விற்றது. எண்ணிப் பார்க்கும் முறை வந்த பிறகு அதுவரை எந்த ஆல்பமும் அப்படி விற்றதில்லை.

எண்ணிப் பார்க்கும் முறை என்றேனே, அது நம் தொழில் சம்பந்தப்பட்டது. 1991-க்கு முன்பு அமெரிக்காவில் எந்த ரெக்கார்டு முதல் இடம் என்பதை, கடைகளைக் கேட்டுத்தான் முடிவு செய்தார்கள். கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு. தேங்கிய சரக்கை ‘நன்றாகப் போகிறது’ என்று சொல்ல எந்தக் கடைக்காரருக்குத்தான் ஆசை இருக்காது? 1991-இல் கல்லாவில் பார்கோடு மெஷின் படிக்கும் விற்பனையை நேராக எண்ணத் தொடங்கினார்கள். ஆகவே விட்னியின் 10 லட்சம் என்பது கல்லாவில் பில் போட்ட 10 லட்சம். அந்தப் பார்கோடே மளிகைக் கடை தந்த வரம்தான். ஓஹியோ மாநிலத்தில் ட்ராய் என்ற ஊரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் ஒரு பாக்கெட் சூயிங் கம்மை முதன்முதலில் பார்கோடு படித்து விற்ற நாள் 1974 ஜூன் 26. டாலியின் பாட்டு முதல் தடவை முதல் இடம் பிடித்ததும் அதே மாதம்தான். பெரிய சம்பந்தம் ஒன்றுமில்லை. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

யாருக்கு எவ்வளவு

1992-இல் பாட்டு ஒன்றுக்குச் சட்டம் சொன்ன ராயல்டி 6.25 சென்ட். 40 லட்சம் ஒற்றை ரெக்கார்டுக்கு அந்த விகிதத்தில் கணக்குப் போட்டால் இரண்டரை லட்சம் டாலர். ஆல்பம் பிற்காலத்தில் அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடியே 80 லட்சத்துக்குச் சான்று பெற்றது. ஆல்பத்தில் எத்தனை பாட்டு இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ராயல்டி. அதே விகிதம் கடைசி வரை இருந்ததாக வைத்துக்கொண்டால் இந்த ஒரு பாட்டுக்கு மட்டும் 11 லட்சத்துக்கு மேல். வெளிநாட்டு விற்பனை தனி.

இதற்கெல்லாம் மேலே ரேடியோ. அமெரிக்காவில் ஒரு விசித்திரம் உண்டு. சாதாரண ரேடியோவில் ஒரு பாட்டு ஒலித்தால், அதை எழுதியவருக்கும் பதிப்பு நிறுவனத்துக்கும்தான் காசு. பாடியவருக்குக் கிடையாது. அந்தப் பதினான்கு வாரமும் ஊர் ஊராக ஒலித்தது விட்னியின் குரல். ரேடியோ காசு போனது டாலியின் கம்பெனிக்கு. 1990-களில் இந்தப் பாட்டின் மூலம் டாலிக்கு வந்தது ஏறத்தாழ ஒரு கோடி டாலர் என்பது ஃபோர்ப்ஸ் பத்திரிகையின் மதிப்பீடு. அன்று கேட்ட பங்கைக் கொடுத்திருந்தால் அதில் நாலில் ஒரு பாகம், ஏறத்தாழ 25 லட்சம் டாலர், அந்த வீட்டுக்குப் போயிருக்கும். எல்விஸின் மாளிகையையே விலைக்கு வாங்கும் அளவுக்குப் பணம் வந்தது என்று டாலி வேடிக்கையாகச் சொல்வது வழக்கம்.

பாடியவருக்கு ரேடியோ காசு இல்லை என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. பத்து வருஷம் பரணில் கிடந்த சரக்கை உலகம் முழுக்க விற்றுக் கொடுத்தது விட்னியின் தொண்டை. டாலியும் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. காரில் போகும்போது ரேடியோவில் முதல் தடவை கேட்டுவிட்டு, மேலே ஓட்ட முடியாமல் ஓரமாக நிறுத்திவிட்டாராம். 2012 பிப்ரவரியில் விட்னி 48 வயதில் இறந்தபோது பாட்டு மறுபடி மூன்றாம் இடம் வரை ஏறியது. 2022 ஜனவரியில் அமெரிக்காவில் ஒரு கோடிக்கான சான்று கிடைத்தது.

அதிர்ஷ்டம் என்று ஒருவர் சொன்னால் நான் வாதாடமாட்டேன். உரிமையைக் கட்டிக் காத்து, யாருமே வந்து கேட்காமல் போன பாட்டுகள் நாஷ்வில்லில் ஆயிரக்கணக்கில் இருக்கும். டாலி பங்கே தராத கஞ்சரும் அல்ல. 1986-இல் ஏற்கனவே நடந்துகொண்டிருந்த ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில், அதை நடத்திய குடும்பத்தோடு பங்குதாரராகச் சேர்ந்தார். ‘டாலிவுட்’ என்று தன் பெயரையே அதற்குக் கொடுத்தார். பூங்கா நடத்தும் நெளிவு சுளிவு அவர்களுக்குத் தெரியும், கூட்டத்தைக் கூட்டும் பெயர் இவரிடம் இருந்தது. பார்க்கர் கேட்ட பங்குக்கு அவர் வைத்த முதல் என்ன என்று யோசித்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் புரியும்.

விட்னி பாட்டில் வந்த பணத்தை என்ன செய்தீர்கள் என்று 2021-இல் ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சியில் டாலியிடம் கேட்டார்கள். நாஷ்வில்லில், அந்த நாளில் கறுப்பினக் குடும்பங்கள் அதிகம் வாழ்ந்த ஒரு பகுதியில், ஒரு கடை வரிசையையே சேர்த்து வாங்கி அலுவலகமாக்கிக்கொண்டதாகச் சொன்னார். விட்னியின் ஜனங்கள் வாழும் இடம் என்பதால்தான் அங்கே வாங்கினாராம். அந்தக் கட்டடத்தைப் பார்க்கும்போதெல்லாம், இது விட்னி கட்டிய வீடு என்று நினைத்துக்கொள்வாராம்.